பன்னேர்கட்டாவில் ஒரு பூச்சிப் பள்ளிக்கூடம்

பெங்களூருவுக்குத் தெற்கே சுமார் 22 கிலோமீட்டர் தூரத்தில் பன்னேர்கட்டா உயிரியல் பூங்கா. சிங்கம், புலி பார்க்க சஃபாரிக்குக் கூட்டம் அலைமோதும். அதோடு திரும்பிவிடாதீர்கள், நேயர்களே! 2006இல் திறக்கப்பட்ட, நாட்டின் முதல் வண்ணத்துப்பூச்சிப் பூங்காவும் இங்கேதான் இருக்கிறது. பூவில் தேன் குடிக்கும் வண்ணத்துப்பூச்சி, முட்டையிடத் தேடுவது இலையை. அதுவும் தன் புழு தின்னக்கூடிய இலையை மட்டும். நம் வீட்டுக் கறிவேப்பிலையைக் கடிக்கிறதே பச்சைப்புழு, அதுதான் சில வாரங்களில் கருஞ்சிறகு விரித்துப் பறக்கிறது. தயவுசெய்து மருந்தடித்துவிடாதீர்கள். மூக்கில் கயிறு கோத்துத் தெருத்தெருவாக ஆட்டுவிக்கப்பட்ட கரடிகளுக்கும் பன்னேர்கட்டாவில் ஒரு மீட்பு மையம் உண்டு. பிள்ளைகளோடு போய்வாருங்கள். செவ்வாய்க்கிழமை பூங்காவுக்கு விடுமுறை.