வைரஸை உற்பத்தி செய்யும் ஆலை எங்கே?

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து பெங்களூரு தேசிய நெடுஞ்சாலையில் சுமார் 100 கிலோமீட்டர் சென்றால் வேலூர். அங்குள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் (சிஎம்சி) அண்மையில் நடந்த இரு ஆய்வுகள் உலக மருத்துவ இதழ்களில் பெற்ற கவனத்தை நம் பொது விவாதத்தில் பெறவில்லை. ஒன்று, ரத்தம் உறையாத குறைபாடான ஹீமோபிலியாவுக்கானது. மற்றொன்று, ரத்தப் புற்றுநோய்க்கானது. நோய்கள் வேறு என்றாலும் இரண்டிலும் கருவி ஒன்றே: பெருகும் திறன் நீக்கப்பட்ட வைரஸ். அந்த வைரஸை யார், எங்கே, என்ன விலைக்குத் தயாரிப்பது என்ற கேள்வி மருத்துவத்தைவிடத் தொழில் துறைக்கே நெருக்கமானது. அதனால்தான் ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழில் வழித்தடத்தை இதனோடு சேர்த்துப் பேச வேண்டியிருக்கிறது.

வைரஸின் ஆற்றல் ஒன்றுதான். தன் மரபணுவை இன்னொரு உயிரணுவுக்குள் கொண்டுசேர்ப்பதில் அதற்கு இணை இல்லை. நோய் உண்டாக்கும் பகுதிகளை அகற்றிவிட்டு, அந்த இடத்தில் மருத்துவர் விரும்பும் மரபணுவை ஏற்றினால், வைரஸ் வெறும் ஊர்தியாகிவிடுகிறது. இன்று பெரிதும் பயன்படும் லென்டிவைரஸ் ஊர்தி எய்ட்ஸ் நோயை உண்டாக்கும் எச்ஐவியிலிருந்து உருவாக்கப்பட்டது என்றால் பலர் திடுக்கிடுவார்கள். உயிரணுக்குள் நுழைந்து, அதன் மரபுத்தொகுதியிலேயே நிரந்தரமாகத் தன்னைப் பதித்துக்கொள்ளும் அந்த வைரஸின் இயல்பே இங்கு மருந்தாகிறது. உயிரணு பிரிந்து பெருகும்போதெல்லாம் புதிய மரபணுவும் அதனுடன் பெருகும்.

வேலூரில் மருத்துவர் அலோக் ஸ்ரீவாஸ்தவா தலைமையிலான குழு, அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழக ஆய்வாளர்களுடன் இணைந்து இந்த இயல்பைத்தான் பயன்படுத்திக்கொண்டது. கடுமையான ஹீமோபிலியா ஏ உள்ளவர்களுக்கு ரத்தம் உறைவதற்குத் தேவையான எட்டாம் காரணி என்ற புரதம் உருவாவதில்லை. சிறு காயமும், சில நேரம் காயமே இல்லாமல் மூட்டுக்குள் கசியும் ரத்தமும் அவர்களை முடக்கிவிடும். வாழ்நாள் முழுவதும் அப்புரதத்தை ஊசி வழியே செலுத்திக்கொள்ள வேண்டும். வேலூர்க் குழு, நோயாளியின் ரத்த மூல உயிரணுக்களைப் பிரித்தெடுத்து, லென்டிவைரஸ் வழியே எட்டாம் காரணிக்கான மரபணுவை ஏற்றி, மீண்டும் அவர் உடலிலேயே செலுத்தியது. 2024 டிசம்பரில் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழ் முடிவுகளை வெளியிட்டது. சிகிச்சை பெற்றவர்கள் 22 முதல் 41 வயது வரையிலான ஐந்து பேர். அனைவரையும் சேர்த்து 81 மாதங்கள் கண்காணித்ததில், சிகிச்சை பலன் தரத் தொடங்கிய பிறகு ரத்தக்கசிவு விகிதம் பூஜ்யம்.

ஐந்து பேர் என்பது மிகச் சிறிய எண்ணிக்கை. முதலில் சிகிச்சை பெற்ற இருவரிடம் எட்டாம் காரணியின் அளவு குறைவாகவே உயர்ந்தது. செய்முறையில் ஒரு மாற்றம் செய்த பின்னரே மற்ற மூவரிடம் கணிசமாகக் கூடியது. தவிர, திருத்திய உயிரணுக்களுக்கு எலும்பு மஜ்ஜையில் இடம் ஏற்படுத்த முன்கூட்டியே கீமோதெரபி தர வேண்டும். அதன் பக்கவிளைவுகள் எளியவை அல்ல. எனினும் ஓர் ஒப்பீடு அவசியம். ஹீமோபிலியா பி வகைக்காக அமெரிக்காவில் 2022-இல் அனுமதி பெற்ற, வேறொரு வைரஸைப் பயன்படுத்தும் மரபணு சிகிச்சையின் அறிவிக்கப்பட்ட விலை 35 லட்சம் டாலர்! அந்தப் பாதையில் நம் நோயாளிகளை அழைத்துச்செல்ல முடியாது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

புற்றுநோய்க்கு வருவோம். நம் நோய் எதிர்ப்பு மண்டலத்தின் டி செல்கள் வைரஸ் தாக்கிய உயிரணுக்களைத் தேடி அழிப்பவை. புற்றணுக்களோ பெரும்பாலும் அவற்றின் கண்ணுக்குத் தப்பிவிடுகின்றன. நோயாளியின் ரத்தத்திலிருந்து டி செல்களைப் பிரித்து, லென்டிவைரஸ் வழியே அவற்றுக்குப் புதிய ‘கண்’ ஒன்றைப் பொருத்துவதே கார்-டி செல் சிகிச்சை. சில வகை ரத்தப் புற்றுநோய்களில் புற்றணுக்களின் மேற்பரப்பில் சிடி19 என்ற புரதம் இருக்கும். அதைக் கண்டதும் புதிய டி செல்கள் தாக்கும். 2012-இல் அமெரிக்காவில் எமிலி ஒயிட்ஹெட் என்ற சிறுமி இம்முறையில் பிழைத்தது மருத்துவ வரலாற்றின் ஒரு திருப்புமுனை. ஐந்தாண்டுகளில் அது அங்கே அனுமதி பெற்ற மருந்தானது.

இந்தியாவின் முதல் கார்-டி சிகிச்சையான நெக்ஸ்கார்19, மும்பை ஐஐடியில் பேராசிரியர் ராகுல் பூர்வாரின் ஆய்வகத்தில் பிறந்து, டாடா நினைவு மருத்துவமனையில் சோதிக்கப்பட்டு, 2023 அக்டோபரில் அனுமதி பெற்றது. சோதனையில் பங்கேற்ற 64 பேரில், பலனை மதிப்பிட முடிந்தவர்களில் 73 விழுக்காட்டினருக்கு அது பலனளித்ததாக ‘தி லான்செட் ஹெமடாலஜி’ 2025-இல் பதிவுசெய்தது. அமெரிக்காவில் மூன்று, நான்கு கோடி ரூபாய் ஆகும் சிகிச்சை இங்கே 30 முதல் 40 லட்சம் ரூபாய் அளவுக்கு இறங்கியது. இதற்கு முதன்மையான காரணங்களுள் ஒன்று, வைரஸ் ஊர்தியை இறக்குமதி செய்யாமல் உள்நாட்டிலேயே தயாரித்தது. நம் ஊதியங்கள் குறைவு என்பது மட்டும் காரணம் அல்ல.

வேலூர் இன்னும் ஒரு படி முன்னே சென்றது. இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தின் (ஐசிஎம்ஆர்) ஆதரவுடன் நடந்த ‘வெல்கார்ட்’ ஆய்வில், நோயாளியின் செல்கள் மருத்துவமனையை விட்டு வெளியே போகவே இல்லை. தானியங்கிக் கருவி ஒன்றின் உதவியோடு சுமார் ஒன்பது நாள்களில் மருத்துவமனைக்குள்ளேயே கார்-டி செல்கள் தயாராயின. மேலைநாடுகளில் நோயாளியின் செல்கள் தொலைதூர ஆலைக்குப் போய் உறைநிலையில் திரும்புவதற்கு வாரக்கணக்கில் ஆகும். தீவிர ரத்தப் புற்றுநோயாளிக்கு அந்தக் காத்திருப்பே ஆபத்து. பத்துப் பேர் பங்கேற்ற வேலூர் ஆய்வில், தீவிர லிம்போபிளாஸ்டிக் ரத்தப் புற்றுநோய் கொண்ட அனைவருக்கும், லிம்போமா நோயாளிகளில் பாதிப் பேருக்கும் பலன் கிடைத்தது.

இவ்வளவும் சொன்ன பிறகு, மரபணு சிகிச்சையின் இருண்ட பக்கத்தைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாகாது. 1999-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகச் சோதனையில் அடினோவைரஸ் செலுத்தப்பட்ட ஜெஸ்ஸி கெல்சிங்கர் என்ற 18 வயது இளைஞர் உயிரிழந்தார். பாரிஸில் பிறவி நோய் எதிர்ப்புக் குறைபாட்டுக்குச் சிகிச்சை பெற்ற குழந்தைகளில் சிலருக்கு, வைரஸ் தவறான இடத்தில் பதிந்ததால் ரத்தப் புற்றுநோயே வந்தது. அதன் பிறகே பாதுகாப்பான லென்டிவைரஸ் ஊர்திகளின் பக்கம் ஆய்வுலகம் திரும்பியது. ஆயினும், கார்-டி சிகிச்சைக்குப் பின் அரிதாகப் புதிய புற்றுநோய் தோன்றலாம் என்ற எச்சரிக்கையை மருந்து உறையில் அச்சிட அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2024-இல் உத்தரவிட்டது. ஆகவே மலிவு என்ற பெயரில் தரத்தில் கைவைக்க இங்கு இடமே இல்லை.

தரம் எங்கே நிர்ணயமாகிறது? வைரஸ் தயாராகும் அறையில். லென்டிவைரஸின் மரபணுக்கள் மூன்று, நான்கு டிஎன்ஏ வளையங்களாகப் பிரித்து வைக்கப்படுகின்றன. வைரஸ் மீண்டும் ஒன்றுசேர்ந்து பெருகிவிடாமல் இருப்பதற்கான ஏற்பாடு அது. அவ்வளையங்களை, ஆய்வகத்தில் வளரும் மனித உயிரணுக்களுக்குள் செலுத்தினால், அவை வைரஸ் துகள்களை உற்பத்தி செய்து வெளியேற்றும். அவற்றை வடிகட்டி, தூய்மையாக்கி, செறிவூட்டி, ஒவ்வொரு தொகுதியையும் சோதித்து உறையவைக்க வேண்டும். தூசியற்ற அறைகள், கிருமியற்ற பைகள், குழாய்கள், வளர்ப்பு ஊடகங்கள், காந்தத் துகள்கள் என நீளும் தேவைப் பட்டியலில் பெரும்பாலானவை ஒருமுறை மட்டுமே பயன்படுபவை. அவற்றில் கணிசமானவை இன்னும் வெளிநாட்டிலிருந்தே வருகின்றன.

ஒரகடத்தை நினைக்கவைப்பது இந்த இடம்தான். கார்களும் கனரக வாகனங்களும் கைப்பேசிகளும் உருவாகும் இவ்வழித்தடத்தில், ஒவ்வொரு உதிரிபாகத்துக்கும் தடம் காட்டும் பதிவேடு, தொகுதி வாரியான சோதனை, பிழையற்ற திரும்பத்திரும்பச் செய்தல் ஆகியவை தொழிலாளரின் கைப்பழக்கமாகவே ஆகிவிட்டன. உயிரியல் மருந்து ஆலை கேட்பதும் இதே ஒழுங்கைத்தான். மத்திய அரசின் மருத்துவக் கருவிப் பூங்காத் திட்டத்தில் ஒப்புதல் பெற்ற நான்கு மாநிலங்களுள் தமிழகமும் ஒன்று. அதற்காகத் தேர்வான இடம் ஒரகடம். சக்கர நாற்காலியும் ரத்த அழுத்தமானியும் அங்கே தயாராகட்டும். செல் சிகிச்சைக்கான கிருமியற்ற பைகளும் குழாய்த் தொகுப்புகளும் அப்பூங்காவின் முன்னுரிமைப் பட்டியலில் இடம்பெற வேண்டும். வெளிநாட்டு உதிரிகளைக் கோத்துத் தரும் ஆலை எவ்வளவு பெரிதானாலும் ஒரு நாளில் மூடப்படலாம் என்பதை ஸ்ரீபெரும்புதூர் 2014-இல், நோக்கியா ஆலை மூடப்பட்டபோதே கண்டது.

வைரஸ் ஊர்திக்கான கட்டமைப்பும் தொலைவில் இல்லை. ஒரகடத்திலிருந்து எளிதில் சென்றடையக்கூடிய செங்கல்பட்டு அருகே திருமணியில், மத்திய அரசின் எச்எல்எல் பயோடெக் நிறுவனத்துக்காக 100 ஏக்கரில் எழுப்பப்பட்ட தடுப்பூசி வளாகம், கரோனாவின் இரண்டாம் அலை வீசிய 2021-இல்கூட ஒரு தடுப்பூசியும் தயாரிக்காமல் நின்றது. அதைக் குத்தகைக்குத் தருமாறு அன்று மாநில அரசு கோரியது. தடுப்பூசிக்கும் வைரஸ் ஊர்திக்கும் தேவையான அடிப்படைத் திறன்கள் உறவுடையவை: உயிரணு வளர்ப்பு, தூய்மையாக்கல், கிருமியற்ற நிரப்புதல். அப்படியே மாற்றிவிட முடியாது. தனி அறைகளும் தனி அனுமதிகளும் வேண்டும். ஆனால் வேலூருக்கும் சென்னை மருத்துவமனைகளுக்கும் பொதுவாகப் பயன்படும் ஒரு வைரஸ் உற்பத்தி மையத்தை முற்றிலும் புதிதாகக் கட்டுவதைவிட இது சிக்கனமானது.

விலை இறங்கினாலும் யார் தருவது என்ற கேள்வி நிற்கிறது. ஜிஎஸ்டி கவுன்சில் 2024 டிசம்பரில் மரபணு சிகிச்சைக்கு முழு வரிவிலக்கு அளிக்கப் பரிந்துரைத்தது வரவேற்கத்தக்கது. 30 லட்சம் ரூபாயின் முன்னால் அது சிறிய ஆறுதல். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தருகிறது. அதில் சேர ஆண்டு வருமானம் 1.2 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். மாதம் 21,000 ரூபாய் வரை ஊதியம் பெறுவோருக்கான இஎஸ்ஐ திட்டத்திலோ சிகிச்சைச் செலவுக்கு உச்சவரம்பு இல்லை. உயர்சிகிச்சைக்குச் சந்தா நிபந்தனைகள் மட்டும் உண்டு. ஒரகடம் ஆலை ஒன்றில் 22,000 ரூபாய் ஊதியம் பெறும் தொழிலாளியை எண்ணிப் பாருங்கள். அவர் இஎஸ்ஐ வரம்பையும் தாண்டிவிட்டார். மாநிலக் காப்பீட்டின் வரம்பையும் தாண்டிவிட்டார். அவருடைய பிள்ளைக்கு ரத்தப் புற்றுநோய் கீமோதெரபிக்குப் பின்னும் திரும்ப வந்தால், சில லட்சங்களுக்கு மேல் தாங்காத குழுக் காப்பீடு மட்டுமே துணை.

கார்-டி எல்லாப் புற்றுநோய்க்கும் மருந்து அல்ல என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். குழந்தைகளின் தீவிர லிம்போபிளாஸ்டிக் ரத்தப் புற்றுநோயில் பெரும்பாலானவை வழக்கமான கீமோதெரபியிலேயே குணமாகின்றன. தமிழகத்தில் அதிகம் காணப்படும் மார்பக, கருப்பை வாய், வயிற்றுப் புற்றுநோய்களுக்கு இம்முறை இன்னும் கைகொடுக்கவில்லை. கட்டிக்குள் நேரடியாகச் செலுத்தும் வைரஸ் மருந்து தோல் புற்றுநோய்க்காக 2015-இலும், சிறுநீர்ப்பைக்குள் செலுத்தும் வைரஸ் சிகிச்சை 2022-இலும் அமெரிக்காவில் அனுமதி பெற்றுள்ளன. அத்திசையில் நம் ஆய்வகங்கள் நடக்க வேண்டிய தூரம் அதிகம். ஆனால் அவையும் வைரஸ் ஆலையைத்தான் கேட்கும்.

1968-இல் முதலமைச்சர் அண்ணா புற்றுநோய் அறுவை சிகிச்சைக்காக நியூயார்க் செல்ல வேண்டியிருந்தது. அவர் பெயர் தாங்கிய அரசு புற்றுநோய் மருத்துவமனை, ஸ்ரீபெரும்புதூருக்கும் வேலூருக்கும் இடையே, காஞ்சிபுரத்தை ஒட்டிய காரப்பேட்டையில் அதே நெடுஞ்சாலையோரம் நிற்கிறது. வேலூரின் தானியங்கிக் கருவி முறையைப் பயிற்சியுடன் பெறவேண்டிய முதல் அரசு மருத்துவமனை அதுவாக இருக்கலாம். அதற்கான வைரஸ் திருமணியிலிருந்தும் பைகள் ஒரகடத்திலிருந்தும் வருவதற்குத் தேவை, சுகாதாரத் துறையும் தொழில் துறையும் ஒரே மேசையில் அமர்ந்து எழுதும் ஒரு கொள்முதல் உத்தரவாதம்: ஆண்டுக்கு இத்தனை நோயாளிகளுக்கு அரசு வாங்கிக்கொள்ளும் என்ற எழுத்துபூர்வ உறுதி. அது இல்லாமல் எந்த நிறுவனமும் தூய அறையைக் கட்ட முன்வராது.