பாட்டு இல்லாத கோள்

திரையும் சொல்லும் – 9

1963இல் வெளிவந்த 'கலை அரசி' படத்தை எம்.ஜி.ஆர். படங்களின் நீண்ட வரிசையில் ஒன்றாகத்தான் பலரும் நினைவு வைத்திருக்கிறார்கள். எனக்கு அது தனிப்படம். ஏ.காசிலிங்கம் இயக்கியது. வேற்றுக்கோள் ஒன்றிலிருந்து ஆட்கள் பூமிக்கு வருகிறார்கள். விஞ்ஞானத்தில் நம்மைவிட வெகுதூரம் போய்விட்டவர்கள், ஆனால் கலையில் வறியவர்கள். அதனால் பூமியில் நன்றாகப் பாடுகிற பெண் ஒருத்தியைத் தேடிப்பிடித்துத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். பாடகியாக பி.பானுமதி, தூக்கிப்போக வருபவராக எம்.என்.நம்பியார். ககாரின் விண்வெளிக்குப் போய் இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்த நேரம் அது. நிலவில் மனிதன் கால்வைக்க இன்னும் ஆறு ஆண்டுகள் இருந்தன.

படத்தின் அட்டைக் கோட்டைகளையும் பளபளக்கும் உடைகளையும் பார்த்துச் சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். எல்லாம் இருந்தும் பாட்டு இல்லாத ஓர் உலகம், பாட்டுக்காகக் கோள் விட்டுக் கோள் வந்து திருடுகிறது என்ற கற்பனையைத் தமிழ் சினிமா அன்றைக்கே செய்திருக்கிறது. கவிதை எழுதுகிற ஒருவனுக்கு இதைவிடப் பெரிய மரியாதையை எந்தப் படமும் செய்ததில்லை.

சென்ற வாரம் 1918ஆம் ஆண்டுச் சட்டத்தில் தொடங்கிய திரைப்படத் தணிக்கையின் கதையைப் பார்த்தோம். இந்த வாரம் அந்தக் கத்தரிக்கும் விஞ்ஞானக் கதைப் படங்களுக்கும் இருக்கிற உறவைப் பேச வேண்டும்.

கவிதைக்குச் சான்றிதழ் தேவையில்லை. சேவுகம்பட்டியில் உட்கார்ந்து நான் எழுதுவதை யாரிடமும் காட்டி முத்திரை வாங்க வேண்டியதில்லை. பக்கத்து வத்தலக்குண்டில் வளர்ந்த சி.சு.செல்லப்பா, 1959இல் 'எழுத்து' பத்திரிகையைச் சொந்தப் பணத்தில் தொடங்கிப் புதுக்கவிதைக்கு இடம் கொடுத்தார். பிடிக்காதவர்கள் ஏசினார்கள், பிடித்தவர்கள் சந்தா கட்டினார்கள். முன்கூட்டி அனுமதி தர ஒரு வாரியம் இல்லை. எழுதிய பிறகு தடை வருவதுண்டு. பாரதியார் இறந்து ஏழு ஆண்டுகள் கழித்து, 1928இல், அவருடைய தேசியப் பாடல் நூல்களைச் சென்னை மாகாண அரசு பறிமுதல் செய்தது. சட்டமன்றத்தில் சத்தியமூர்த்தி எழுந்து கேள்வி கேட்டார். அதற்குள் பாட்டு ஊரெல்லாம் மனப்பாடமாகி இருந்தது. மனப்பாடமான பாட்டை எந்தப் போலீஸ் பறிமுதல் செய்யும்?

சினிமாவின் நிலை வேறு. கே.ஏ.அப்பாஸ் தொடுத்த வழக்கில் 1970இல் உச்ச நீதிமன்றம், மற்றக் கலைகளைவிடத் திரைப்படம் மனிதர்களை ஆழமாக அசைக்கிறது, ஆகவே அதற்கு முன்தணிக்கை செல்லும் என்றது. அந்தத் தீர்ப்பு இன்றும் நிற்கிறது. பல லட்சம் கடன் வாங்கிப் படம் எடுத்தவர், "இந்த வசனத்தை மியூட் பண்ணுங்க, அந்த ஷாட்டை எடுத்துடுங்க" என்று தணிக்கை வாரியம் சொன்னால் தலையாட்டாமல் என்ன செய்வார்? வட்டி ஓடிக்கொண்டிருக்கிறதே.

அப்படியானால் சொல்ல வேண்டியதை எப்படிச் சொல்வது? தமிழுக்கு இதில் பழைய பயிற்சி இருக்கிறது. அகப்பாடலில் தலைவன் பெயரையோ தலைவி பெயரையோ சொல்லக் கூடாது என்பது தொல்காப்பியத்தின் விதி. பெயர் போனதும் அந்தப் பாட்டு எல்லோருக்கும் உரியதாகிவிடுகிறது. சொல்ல முடியாத மனக்குறையைப் பறவையின் மீதும் யானையின் மீதும் ஏற்றிச் சொல்வது உள்ளுறை. விஞ்ஞானக் கதை செய்வதும் இதுதான். ஊர் பெயரில்லாத ஊர், இன்னும் வராத ஓர் ஆண்டு, யாரையும் சுட்டாத ஒரு சர்வாதிகாரி. பார்க்கிறவர் தம் ஊரையும் தம் காலத்தையும் அதில் தாமே பொருத்திக்கொள்வார். திரைப்பட வகைகளில் கவிதைக்கு மிக நெருங்கிய உறவு இதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பிரெஞ்சு இயக்குநர் கோதார் 1965இல் எடுத்த 'ஆல்ஃபாவில்' படத்தை இளம் நண்பர்கள் அவசியம் பார்க்க வேண்டும். ஒரு கணிப்பொறி ஆளும் நகரம். மனைவி இறந்தபோது அழுதான் என்பதற்காக ஒருவனை நீச்சல் குளத்தின் ஓரத்தில் நிறுத்திக் கொல்கிறார்கள். அறைதோறும் ஓர் அகராதி இருக்கிறது. அதிலிருந்து சொற்கள் ஒவ்வொன்றாக நீக்கப்பட்டுக்கொண்டே இருக்கின்றன. அந்த நகரத்துக்குள் பால் எலுவாரின் கவிதைத் தொகுப்பு ஒன்று நுழைகிறது. உணர்ச்சியை மறந்துபோன பெண் அதைப் புரட்டிப் படிக்கத் தொடங்குகிறாள். அங்கிருந்து அந்த நகரம் ஆட்டம் காண்கிறது. கோதார் இதற்காக ஒரு செட்கூடப் போடவில்லை, வரைகலைக்கும் செலவழிக்கவில்லை. அன்றைய பாரிஸ் நகரத்தை இரவில் படம்பிடித்து, இதுதான் எதிர்காலம் என்றார். காசில்லை, அதனால் விஞ்ஞானப் படம் எடுக்க முடியவில்லை என்று நம்மவர்கள் சொல்லும்போதெல்லாம் எனக்கு இந்தப் படம் நினைவுக்கு வருகிறது.

தமிழில் இந்த வழியை நன்றாக அறிந்தவர் சுஜாதா. அவருடைய இரண்டு தொடர்களை அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். 1857 கிளர்ச்சியைப் பின்னணியாகக் கொண்ட 'கறுப்பு சிவப்பு வெளுப்பு' குமுதத்தில் வந்தபோது, ஒரு சமூகத்தைப் பற்றிய சித்திரிப்புக்கு எதிர்ப்பு கிளம்பி, தொடர் நின்றுபோனது. பிறகு அதை 'இரத்தம் ஒரே நிறம்' என்று வேறாக எழுதினார். ஆனந்த விகடனில் அவர் எழுதிய 'என் இனிய இயந்திரா' எதிர்காலத்தில் நடக்கிறது. ஜீவா என்ற ஒற்றை மனிதரின் ஆட்சி. பிள்ளை பெற அரசு அனுமதி வேண்டும். குடிமக்களின் பெயர் இரண்டெழுத்துக்கு மேல் போகக் கூடாது. அந்த ஆட்சிக்கு எதிராக ஒரு சதி, நடுவில் புத்தகம் படிக்கிற ஓர் இயந்திர நாய். யாரும் கொடி பிடிக்கவில்லை. பிற்பாடு அரசாங்கத்தின் தூர்தர்ஷனே அதைத் தொடராக ஒளிபரப்பியது! கடந்த காலத்தை எழுதியபோது அடி விழுந்தது. எதிர்காலத்தை எழுதியபோது, ஆட்சியையே கேள்வி கேட்டும், கதவு திறந்தது.

இந்தக் கதவு எப்போதும் திறந்தே இருக்கும் என்றும் சொல்ல முடியாது. ஷங்கர் இயக்கிய '2.0' 2018 நவம்பர் 29 அன்று வெளியானது. ஜெயமோகன் எழுத்தில் பங்குபெற்ற படம். கைப்பேசிக் கோபுரங்களின் கதிர்வீச்சால் பறவைகள் மடிகின்றன என்று மனம் உடைந்த பறவையியலாளர் ஒருவர் இறந்தபின் பழிவாங்க வருகிறார். படம் வெளியாவதற்குச் சில நாட்கள் முன்பு, கைப்பேசிச் சேவை நிறுவனங்களின் சங்கம் தணிக்கை வாரியத்துக்கும் மத்திய அமைச்சகத்துக்கும் புகார் அனுப்பியது. அறிவியலுக்குப் புறம்பான கருத்தைப் படம் பரப்புகிறது, கொடுத்த சான்றிதழைத் திரும்பப் பெறுங்கள் என்பது கோரிக்கை.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். படம் சொல்லும் அறிவியல் உறுதிப்பட்டதா என்று கேட்டால், இல்லை என்பதே என் பதில். கூடுகட்ட இடமின்மை, பூச்சிக்கொல்லி, குஞ்சுகளுக்குப் பூச்சி உணவு கிடைக்காமை என்று சிட்டுக்குருவி குறைந்ததற்கு வலுவான காரணங்கள் பல சொல்லப்படுகின்றன. கோபுரம்தான் கொன்றது என்று நிலைநாட்டப்படவில்லை. ஆனால் தவறான அறிவியலுக்குப் பதில் சரியான அறிவியல். சங்கம் ஒரு விளக்கக் கட்டுரை எழுதியிருக்கலாம், பறவையியலாளர்களை அழைத்துக் கூட்டம் போட்டிருக்கலாம். சான்றிதழைப் பறியுங்கள் என்று கேட்டது அநியாயம். கற்பனைக்கு ஆதாரம் கேட்டுத் தடுக்கத் தொடங்கினால் 'கலை அரசி'யின் கோளுக்கும் ஆதாரம் கேட்க வேண்டிவரும். நல்லவேளை, படம் குறித்த நாளில் வெளிவந்தது.

எதிர்ப்பு வரும் என்பதற்காகப் படத்தை நிறுத்தலாமா என்ற கேள்விக்கு விடை ஏற்கெனவே கிடைத்திருக்கிறது, அதுவும் ஒரு தமிழ்க் கவிஞர் எழுதிய படத்தின் வழக்கில். வாலி எழுதிய 'ஒரே ஒரு கிராமத்திலே' இட ஒதுக்கீட்டை விமர்சித்த படம். தணிக்கை வாரியம் தந்த சான்றிதழைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 1989 மார்ச் 30 அன்று உச்ச நீதிமன்றம் சான்றிதழைத் திருப்பித் தந்தது. ஊர்வலம், வன்முறை என்ற மிரட்டலுக்காகக் கருத்துரிமையை நசுக்க முடியாது, பாதுகாப்புத் தர வேண்டியது அரசின் கடமை என்பது அத்தீர்ப்பின் சாரம். அந்தப் படத்தின் கருத்தோடு எனக்கு உடன்பாடில்லை. இட ஒதுக்கீடு எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பலருக்கு முதல் படிக்கட்டாக இருந்ததைக் கண்ணால் பார்த்தவன் நான். ஆனாலும் அந்தத் தீர்ப்பு என் கட்சிதான்.

இத்தனைக்குப் பிறகும் நம் விஞ்ஞானப் படங்கள் பெரும்பாலும் கத்தரியைச் சந்திக்காமலே போகின்றன. காரணம் எளிது. அவை யாரையும் உறுத்தும்படி எதையும் சொல்வதில்லை. ரோபோவும் காலயந்திரமும் வேற்றுக்கோள்வாசியும் காதலுக்கும் சண்டைக்கும் துணைக்கு வந்து போகிறார்கள். 2015இல் ரவிக்குமார் இயக்கிய 'இன்று நேற்று நாளை' போலச் சிக்கனமாக, புத்தியோடு எடுத்த படம் அபூர்வம். கத்தரி இப்போது கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. 2011க்குப் பிறகு தமிழ்நாட்டில் 'யு' சான்றிதழ் இல்லாத படத்துக்குக் கேளிக்கை வரிவிலக்கு கிடையாது என்றிருந்தது. 2017இல் ஜி.எஸ்.டி. வந்ததும் அந்தக் கணக்கு மாறியது. ஆனாலும் 'ஏ' சான்றிதழ் வாங்கிய படத்தை அப்படியே தொலைக்காட்சியில் காட்ட முடியாது. தொலைக்காட்சி உரிமை போனால் தயாரிப்பாளர் என்ன ஆவார்? ஆகவே கதை சொல்லும்போதே, "இது வேண்டாம் தம்பி, ரிஸ்க்" என்று கைவைத்து விடுகிறார்கள். வாரியம் வெட்டினால் எதிர்த்து வழக்காவது போடலாம். எழுதாமல் விட்ட காட்சிக்கு எந்த நீதிமன்றத்தில் வழக்குப் போடுவது?

எங்கள் மண்ணில் ஒரு கதையைச் சொல்லிப் பார்க்கிறேன். ஆண்டு 2080. மருதாநதி அணையின் மதகு ஓர் இயந்திரத்தின் பொறுப்பில் இருக்கிறது. எந்தத் தோட்டத்துக்கு எத்தனை நாள் தண்ணீர் என்பதை அதுவே முடிவு செய்கிறது. கேள்வி கேட்பவரின் வாய்க்கால் காய்கிறது. தை மாதம் சேவுகம்பட்டி சோலைமலை அழகர் கோயிலில் வேண்டுதல்காரர்கள் கூடை கூடையாக வாழைப்பழத்தைச் சூறைவிடும் நாள் வருகிறது. இத்தனை பழமும் வீண் என்று கணக்கெழுதி இயந்திரம் தடை போடுகிறது. ஊர் கூடிப் பேச வேண்டும், ஆனால் கூடுவதற்கான சொல்லே பேச்சிலிருந்து நீக்கப்பட்டிருக்கிறது. இதற்கு விண்கலம் வேண்டாம், வரைகலை வேண்டாம். கொய்யா தோப்பும் வாழைத் தோட்டமும் நான்கு நல்ல நடிகர்களும் போதும்.

காந்திகிராமத்திலும் திண்டுக்கல் கல்லூரிகளிலும் படிக்கிற பிள்ளைகளே, கையில் இருக்கிற கைப்பேசியே கேமராதான். இந்தக் கதையை எடுத்துக்கொள்ளுங்கள், அல்லது இதைவிட நல்ல கதையை நீங்கள் எழுதுங்கள். எழுதும்போது தணிக்கை வாரியத்தை நினைக்காதீர்கள், தொலைக்காட்சி உரிமையை நினைக்காதீர்கள். கதையை முழுதாக எழுதி முடித்த பிறகு மற்றவர்கள் வந்து வாதாடட்டும்.