வாடிக்கை தவறாத காய்கறி விற்பனை

காஞ்சிபுரத்திற்குப் பட்டுச் சேலை வாங்க வருவோரில் பலர், தங்கள் தாயாருக்கு முகூர்த்தச் சேலை எடுத்த அதே கடையையோ கூட்டுறவுச் சங்கத்தையோ தேடிச் செல்வதைக் காணலாம். இச்சேலைக்கான பட்டு நூலில் பெரும்பகுதி கர்நாடகத்திலிருந்தும், சரிகை பெரும்பாலும் சூரத்திலிருந்தும் வருகின்றன. ஆயினும் பெயர் காஞ்சிக்கே உரியது. உடலையும் கரையையும் பிணைக்கும் கோர்வை வேலையும், நெசவின் உறுதியும் தலைமுறை தலைமுறையாக மாறாமல் இருந்து வந்ததே இதற்குக் காரணம். 2005-06-ஆம் ஆண்டில் இச்சேலைக்குப் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. ஆனால் அந்தப் பெயர் அதற்கு வெகு காலம் முன்பே வாங்குவோர் மனத்தில் பதிந்துவிட்டது.

வீட்டில் ஒரு தறி மட்டும் வைத்துள்ள நெசவாளர், ஆண்டு முழுவதும் கடை திறந்து வைத்திருக்க இயலாது. கூட்டுறவுச் சங்கம் அவருக்கு நூலும் சரிகையும் கொடுத்து, நெய்ததற்குக் கூலியும் கொடுத்து, சேலையை விற்கும் பொறுப்பை ஏற்கிறது. 1935-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட கோ-ஆப்டெக்ஸ், கைத்தறித் துணிகளுக்கு இதே பணியை மாநில அளவில் செய்து வருகிறது. ‘இங்கே எப்போது போனாலும் கிடைக்கும், தரம் மாறாது’ என்ற நம்பிக்கையே சிறு உற்பத்தியாளருக்கு விலை தேடித் தருகிறது. இது காஞ்சியைச் சுற்றியுள்ள காய்கறி விவசாயிகளுக்கும் பொருந்தும்.

விலை ஏறும்போது மட்டும் விற்றால்

ஒரே நாளில் விதைத்து, ஒரே சமயத்தில் பறித்து, மொத்தமாக மண்டியில் கொட்டுவது பல சிறு விவசாயிகளின் வழக்கம். சுற்று வட்டாரத்தில் எல்லோரும் அவ்வாறே செய்வதால், வரத்து மிகுந்து விலை சரிகிறது. விலை ஏறும்போதோ கையில் சரக்கு இருப்பதில்லை. விதைப்புக்கு முன்பணம் வாங்கியவர், தரகர் சொல்லும் விலைக்கே கட்டுப்பட வேண்டியுள்ளது.

திடீர்த் தேவையை நம்பியும் சாகுபடி செய்ய இயலாது. 2019-ஆம் ஆண்டு ஜூலை 1 முதல் ஆகஸ்டு 17 வரை 48 நாட்கள் நடைபெற்ற அத்தி வரதர் வைபவத்திற்கு லட்சக்கணக்கானோர் காஞ்சிக்கு வந்தனர். ஆனால் அது 40 ஆண்டுகளுக்கு ஒரு முறை வருவது. ஊரிலேயே வாழும் குடும்பங்களும், உணவு விடுதிகளும், மாணவர் விடுதிகளும் வாங்கும் காய்கறியே ஆண்டு முழுவதும் அடுப்பு எரிய வைப்பது.

உழவர் சந்தையின் பயன்

தமிழகத்தின் முதல் உழவர் சந்தை 1999-ஆம் ஆண்டு நவம்பர் 14-இல் மதுரையில் தொடங்கப்பட்டது. விவசாயி அடையாள அட்டை பெற்றவர், தாம் விளைவித்ததைத் தாமே விற்கலாம். கமிஷன் கிடையாது. மொத்த விலைக்கும் சில்லறை விலைக்கும் இடைப்பட்டதாக விலை நிர்ணயிக்கப்படுவதால், விற்பவர், வாங்குபவர் இருவருக்கும் ஆதாயம் உண்டு.

ஆனால் ஒரு வாரம் வந்து, மூன்று வாரம் வராத விவசாயியை வாங்குவோர் நினைவில் வைப்பதில்லை. வாரத்தில் மூன்று நாள் மட்டுமே வர இயலுமாயின், அந்த மூன்று நாளும் எவை என்பது வாடிக்கையாளருக்குத் தெரிந்திருக்க வேண்டும். விலை குறைந்த நாளிலும் சரக்கு குறைந்த நாளிலும் வருவது அவசியம். ஐந்து கிலோ மட்டும் இருந்தாலும் கொண்டுவரும் விவசாயிக்கே அடுத்த வாரமும் வாடிக்கை நிற்கும்.

பத்து, பதினைந்து கிலோவுக்காகத் தனி வண்டி வைத்தால் கட்டாது என்பது உண்மையே. ஒரே ஊரைச் சேர்ந்த அட்டைதாரர்கள் நால்வர் சேர்ந்து வண்டி வைத்துச் செலவைப் பகிர்ந்து கொள்ளலாம். ஒருவர் அட்டையில் பிறர் விளைபொருளை விற்பது விதிக்கு முரணானது.

20 சென்டில் நான்கு பாத்தி

தவறாமல் விற்க வேண்டுமானால் தவறாமல் பறிப்பு இருக்க வேண்டும். அதற்கு விதைப்பைப் பிரித்துச் செய்வதே வழி. வெண்டையை எடுத்துக்கொள்வோம். விதைத்த 45 நாளில் முதல் பறிப்பு கிடைக்கும். அதன்பின் ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறித்து, 95 நாள் வரை எடுக்கலாம்.

20 சென்ட் நிலத்தை ஐந்து சென்ட் வீதம் நான்கு பகுதிகளாகப் பிரிக்கவும். முதல் பகுதியில் இன்று விதைத்தால், இரண்டாம் பகுதியில் 33-ஆம் நாளிலும், மூன்றாம் பகுதியில் 65-ஆம் நாளிலும், நான்காம் பகுதியில் 97-ஆம் நாளிலும் விதைக்க வேண்டும். 95 நாளில் காலியாகும் முதல் பகுதியில் சிறுகீரை விதைத்து 25 நாளில் பிடுங்கி விற்கலாம். மீண்டும் 129-ஆம் நாளில் அங்கு வெண்டை விதைக்கலாம். இவ்வாறு செய்தால் எந்நாளும் ஒரு பகுதியிலாவது பறிப்பு இருக்கும். கீரையும் இடையிடையே கூடைக்குச் சேரும்.

ஐந்து சென்டுக்கு ரக விதை சுமார் 160 கிராம் போதுமானது. நல்ல பராமரிப்பில் ஒரு பகுதியிலிருந்து ஒவ்வொரு பறிப்பிலும் சராசரியாக 10 கிலோ எதிர்பார்க்கலாம்.

பல வயதுப் பயிர் அருகருகே இருப்பதால், வெள்ளை ஈயினால் பரவும் மஞ்சள் நரம்புத் தேமல் நோய் எளிதில் தொற்றும். நோயைத் தாங்கும் ரகத்தைத் தோட்டக்கலை அலுவலரிடம் கேட்டுத் தேர்ந்தெடுக்கவும். நோய் கண்ட செடிகளை உடனே பிடுங்கி அழிக்கவும். மஞ்சள் ஒட்டுப்பொறி வைக்கவும். பறிப்புக் காலத்தில் நச்சு மருந்துகளைத் தவிர்த்து, 5 சத வேப்பங்கொட்டைச் சாறு தெளிக்கலாம். நாள்தோறும் முகம் பார்த்து வாங்கும் குடும்பத்திற்கு மருந்து வாடை அடிக்கும் காயைக் கொடுத்தால் வாடிக்கை போய்விடும்.

மழைக்காலத்தில் கவனம்

ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையால் கீரை அழுகும். மார்கழிக் குளிரில் வெண்டை காய்ப்பது குறையும். ஆகவே ஆடியில் கத்தரி நாற்று விட்டு, 30 முதல் 35 நாளில் மேட்டுப்பார் அமைத்து நடவேண்டும். நட்ட 60 நாள் அளவில் காய்ப்புத் தொடங்கும். வடிகால் வாய்க்காலை மழைக்கு முன்பே வெட்டிவிடவும். பலரும் சந்தைக்கு வராத அந்த நாட்களில் கூடை நிறையக் கொண்டுவருபவரை வாங்குவோர் மறக்க மாட்டார்கள்.

தரம் பிரித்தலும் கணக்கும்

வெண்டையின் நுனியை ஒடித்தால் சட்டென ஒடிய வேண்டும். முற்றல், சொத்தை, வளைந்தவை ஆகியவற்றைத் தனியே பிரித்து, குறைந்த விலைக்கு வெளிப்படையாக விற்கலாம். மேலே பிஞ்சும் அடியில் முற்றலும் அடுக்கும் தந்திரம் ஒரு முறைதான் பலிக்கும்.

ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதி, கொண்டு சென்ற எடை, விற்ற எடை, மீதி, கிடைத்த பணம், வண்டிச் செலவு ஆகியவற்றை எழுதி வரவும். ஒரு நாள் விலையைக் கண்டு மகிழவோ சோரவோ வேண்டாம். மூன்று மாதக் கூட்டுத் தொகையை மண்டியில் விற்றிருந்தால் கிடைத்திருக்கும் தொகையுடன் ஒப்பிட்டு, அதன் பிறகே முடிவு செய்ய வேண்டும்.

விலை உச்சத்தில் இருக்கும் நாளில் வழக்கமாக வாங்குவோரை விட்டுவிட்டு வேறிடம் கொண்டுபோக மனம் தூண்டும். அன்றும் அவர்களுக்கு உரிய பங்கை எடுத்து வைத்தால், விலை சரியும் நாளில் அவர்களே அந்த விவசாயியின் கூடையைத் தேடி வருவார்கள்.