சத்தம் எப்போது வருகிறது?

தாம்பரத்தை அடுத்த சேலையூரில் 26 வருடமாகப் பட்டறை வைத்திருக்கிறேன். என்னிடம் வருவதில் பாதிக்கு மேல் கைமாறிய வண்டிகள்தான். வாங்கிப் பத்துப் பதினைந்து நாளில் முகம் வாடி வந்து நிற்பார்கள். "அண்ணே, ஏதோ சத்தம் வருது." "ஏதோ இழுக்குது." இந்த 'ஏதோ'வை வைத்துக்கொண்டு எந்த மெக்கானிக்காலும் ஒன்றும் செய்ய முடியாது. எப்போது வருகிறது? காலையில் முதல் ஸ்டார்ட்டிலா, அரை மணி நேரம் ஓட்டிய பிறகா? திருப்பும்போதா, நேரே போகும்போதா? பள்ளத்தில் இறங்கினாலா, பிரேக் மிதித்தாலா? இதற்குப் பதில் சொல்லத் தெரிந்தவருக்குச் செலவு பாதியாகக் குறையும். தெரியாதவர் வண்டியில் ஒவ்வொரு பார்ட்டாக மாற்றிப் பார்ப்பார்கள். அத்தனைக்கும் பணம் கட்டுவது வண்டிக்காரர்தான்.

போன வருடம் ஒரு டீச்சர் வந்தார். எட்டு வருடம் ஓடிய பெட்ரோல் வண்டி, கையில் இருந்த சேமிப்பைப் போட்டு வாங்கியது. ஒன்றரை மாதத்தில் இரண்டு பேட்டரி மாற்றியாகிவிட்டது. மூன்றாவதும் போய்விட்டதோ என்ற பயத்தில் வந்திருந்தார்.

"திங்கக்கிழமை காலையில ஸ்டார்ட் ஆகவே மாட்டேங்குது அண்ணே. மத்த நாள்ல ஒரு பிரச்சினையும் இல்ல."

"சனி, ஞாயிறு வண்டிய எடுப்பீங்களா டீச்சர்?"

"எங்க எடுக்கிறது? வீட்லயேதான் நிக்கும்."

அந்தப் பதிலிலேயே எனக்குப் பாதி வேலை முடிந்தது. ஓடும் நாட்களில் பேட்டரி சார்ஜ் ஏறுகிறது, நிற்கும் நாட்களில் எதுவோ அதைக் குடிக்கிறது. மீட்டர் வைத்தேன். வண்டி நிற்கும்போது 12.5 வோல்ட், இன்ஜின் ஓடும்போது 14.1. நல்ல பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட்டை ஒட்டி நிற்கும். ஆல்டர்னேட்டர் சரியாக இருந்தால் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை காட்டும். ஆக, பேட்டரியிலும் குறை இல்லை, சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரிலும் குறை இல்லை.

அடுத்து, வண்டி தூங்கும்போது எவ்வளவு கரண்ட் போகிறது என்று பார்க்க வேண்டும். பானெட்டைத் திறந்து வைத்து, டிரைவர் கதவையும் திறந்து, கதவின் லாட்சை ஸ்க்ரூடிரைவரால் அழுத்தி மூடினேன். அப்போதுதான் கதவு சாத்தியிருப்பதாக வண்டி நினைத்துக்கொள்ளும். பேட்டரியின் நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, அதற்கும் பேட்டரிக்கும் நடுவில் அம்மீட்டரைக் கோத்தேன். அதன் பிறகு அரை மணி நேரம் சும்மா இருக்க வேண்டும். பல பேர் தப்பு செய்யும் இடம் இதுதான். வண்டிக்குள் இருக்கும் கம்ப்யூட்டர்கள் ஒவ்வொன்றாக அணைய நேரம் எடுக்கும். அதற்கு முன் மீட்டரைப் பார்த்தால் எல்லா வண்டியிலும் கோளாறு இருப்பதுபோலத்தான் தெரியும். எல்லாம் அணைந்த பிறகு 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் சரி. டீச்சர் வண்டியில் 380 காட்டியது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். வெள்ளி சாயங்காலம் ஆறு மணியிலிருந்து திங்கள் காலை எட்டு மணி வரை 62 மணி நேரம். 0.38 ஆம்பியர் வீதம் கிட்டத்தட்ட 23.5 ஆம்பியர் மணி போய்விடும். அந்த வண்டியின் பேட்டரியே 35 ஆம்பியர் மணிதான். மிச்சத்தை வைத்து ஸ்டார்ட்டர் மோட்டார் எப்படிச் சுற்றும்?

ஃபியூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டே போனேன். மியூசிக் சிஸ்டத்தின் ஃபியூஸை எடுத்ததும் மீட்டர் 30க்கு இறங்கியது. அங்கிருந்து வயரைப் பிடித்துக்கொண்டு போனால், டிரைவர் சீட்டுக்கு அடியில் ஒரு ஆம்ப்ளிஃபயர். முதலில் வைத்திருந்தவர் மாட்டியது. பின்னால் இருந்த பெரிய ஸ்பீக்கரைக் கழற்றிக்கொண்டு இதை மட்டும் விட்டுவிட்டார். சாவி போட்டால் மட்டும் அதை எழுப்ப வேண்டிய மெல்லிய வயரை, எப்போதும் கரண்ட் இருக்கும் வயரோடு சேர்த்து முறுக்கி டேப் சுற்றியிருந்தார்கள். ஆம்ப்ளிஃபயர் மேல் கை வைத்தேன். வெதுவெதுவென்று இருந்தது. பாட்டே கேட்காத வண்டியில் இரவும் பகலும் அது விழித்துக்கொண்டே இருந்திருக்கிறது. வயரைப் பிரித்து, முனையை மூடி, ஆம்ப்ளிஃபயரைக் கழற்றிக் கையில் கொடுத்தேன். முதல் பேட்டரியையே மாற்றியிருக்க வேண்டாம்.

சூடு விஷயத்திலும் இந்த 'எப்போது'தான் வழிகாட்டும். பெருங்களத்தூர் நெரிசலில் டெம்பரேச்சர் முள் ஏறி, ஜி.எஸ்.டி. ரோட்டில் வேகம் எடுத்ததும் இறங்கினால் முதலில் ரேடியேட்டர் ஃபேனைப் பாருங்கள். ஓடும்போது காற்று தானாகக் கிடைக்கிறது, நிற்கும்போது ஃபேன்தான் கொடுக்க வேண்டும். நெரிசலில் சும்மா இருந்து, ஏற்காடு மலை ஏறும்போது மட்டும் சூடானால் ரேடியேட்டர் உள்ளே அடைத்திருக்கலாம். கூலன்ட்டுக்குப் பதிலாகப் போர் தண்ணீரை ஊற்றி ஊற்றி உப்புப் படிந்த ரேடியேட்டர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ரிசர்வாயரில் துருநிறத் தண்ணீர் இருந்தால் அதுதான் அடையாளம். இன்ஜின் சூடாக இருக்கும்போது மட்டும் ரேடியேட்டர் மூடியைத் திறந்துவிடாதீர்கள், முகத்தில் அடிக்கும்.

எங்கள் தொழிலில் ஒரு கெட்ட பழக்கம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். சூடாகும் வண்டியில் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி எறிந்துவிடுவது. "நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு சார்?" என்பார்கள். அது இல்லாவிட்டால் இன்ஜின் தேவையான சூட்டுக்கே வராது. இன்ஜின் இன்னும் குளிர்ந்திருக்கிறது என்று நினைத்து கம்ப்யூட்டர் அதிக பெட்ரோலைக் கொடுக்கும். மைலேஜ் குறையும், தேய்மானம் கூடும். நீங்கள் வாங்கிய வண்டியில் ஒரு மணி நேரம் நெடுஞ்சாலையில் ஓட்டியும் முள் நடுவுக்கு வராமல் கீழேயே கிடந்தால் இதைச் சந்தேகப்படுங்கள். பழைய சூட்டுக் கோளாறு ஒன்றை அதன் பின்னால் மறைத்திருக்கவும் கூடும்.

ஆயில் மூடியையும் திறந்து பாருங்கள். உள்பக்கம் பால் கலந்த டீ நிறத்தில் கொழகொழவென்று இருந்து, டிப்ஸ்டிக்கிலும் அதே நிறம் வந்தால் கூலன்ட் ஆயிலோடு கலக்கிறது. ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம். அந்த வண்டியை அப்புறம் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாதீர்கள். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. சூடான பிறகும் நிற்காத, இனிப்பு வாடையுள்ள வெள்ளைப் புகை என்றால் கூலன்ட். டீசல் வண்டியில் கரும்புகை வந்தால் ஏர் ஃபில்டரிலிருந்து தேட ஆரம்பிக்கலாம்.

முன்சீட்டுக் காலடியில் கார்ப்பெட் ஈரமாக இருந்தால் பலருக்குத் தூக்கம் போய்விடும், வெள்ளத்தில் மூழ்கிய வண்டியோ என்று. 2015 டிசம்பரில் முடிச்சூர் பக்கம் தண்ணீருக்குள் நின்ற வண்டிகளைத் துடைத்து எடுத்தவன் என்பதால் அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் அங்கேயும் எப்போது என்று கேளுங்கள். ஏ.சி. போட்டு ஓட்டிய நாளில் மட்டும், வாடை இல்லாத சுத்தமான தண்ணீர் என்றால் ஏ.சி. டிரெயின் குழாய் அடைத்திருக்கிறது. பத்து நிமிட வேலை. மழை பெய்த மறுநாள் மட்டும் என்றால் கண்ணாடி ரப்பரோ கதவின் உள்ஷீட்டோ ஒழுகுகிறது. பிசுபிசுப்பும் இனிப்பு வாடையும் இருந்தால் ஹீட்டர் ஒழுக்கு. வெள்ளத்தில் நின்ற வண்டியைக் காட்டிக்கொடுப்பது வேறு: சீட் பெல்ட்டை முழுதாக இழுத்துப் பாருங்கள், கடைசி முழத்தில் சேற்றுக் கறைக் கோடு இருக்கும். சீட்டுக்கு அடியில் இருக்கும் தண்டவாளம் துருப்பிடித்திருக்கும். கார்ப்பெட்டை மாற்றுவார்கள், அந்தத் தண்டவாளத்தை யாரும் மாற்றுவதில்லை.

வார்னிங் விளக்குகள் பற்றி ஒன்று. சாவியை ஆன் செய்ததும் செக் இன்ஜின் விளக்கு எரிய வேண்டும், ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் சந்தோஷப்படாதீர்கள். விளக்கையே செயலிழக்கச் செய்திருக்கலாம். 2013 ஏப்ரலுக்குப் பிறகு வந்த கார்களில் ஸ்டியரிங்குக்குக் கீழே ஓ.பி.டி. 2 சாக்கெட் இருக்கும், சாதாரண ஸ்கேனரையே அதில் செருகிப் பார்க்கலாம். ஆனால் ஸ்கேனர் கொடுக்கும் எரர் கோடு ஒரு புகார்தான், தீர்ப்பு இல்லை. 'பி 0420' வந்தால் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் வேலை குறைவு என்று அர்த்தம். சென்சார் கெட்டிருந்தாலும், சைலன்சர் ஒழுகினாலும் அதே கோடு வரும். கோடு வந்ததும் விலை கூடிய கன்வர்ட்டரை மாற்றச் சொல்கிறவரிடம், வேறு என்னென்ன பார்த்தீர்கள் என்று கேளுங்கள்.

எட்டு வருட வண்டிக்கு எட்டு வருடத் தேய்மானம் இருக்கத்தான் செய்யும். அதற்காக ஏமாந்துவிட்டோம் என்று குமைய வேண்டாம். இன்ஜின் ஆயில், கூலன்ட், பிரேக் ஆயில் மூன்றையும் வாங்கிய வாரமே மாற்றிவிடுங்கள். டைமிங் பெல்ட் உள்ள வண்டியாக இருந்து, எப்போது மாற்றியது என்பதற்குப் பில் இல்லையென்றால், மாற்றவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். பல இன்ஜின்களில் அது ஓடும்போது அறுந்தால் வால்வுகளே வளைந்துவிடும்.

டீச்சர் இப்போது வண்டியில் ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருக்கிறார். போன மாதம் வந்து அதைப் பார்த்து வாசித்தார்: "60க்கு மேல போனா ஊங்காரம். இடது பக்க வளைவுல ஜாஸ்தி, வலது வளைவுல கம்மி. பிரேக் பிடிச்சாலும் மாறல." இடது பக்கம் வளையும்போது வண்டியின் பாரம் வலது சக்கரத்தில் இறங்கும். வண்டியைத் தூக்கி, வலது முன் சக்கரத்தைக் கையால் சுற்றினேன். மணல் அரைபடுவதுபோல விரலுக்குத் தெரிந்தது. வீல் பேரிங். மத்தியானத்துக்குள் மாற்றிக் கொடுத்துவிட்டேன், வேறு எதையும் தொடவில்லை.

நீங்களும் இன்று ராத்திரி வண்டிக்கு அடியில் பழைய நியூஸ்பேப்பரை விரித்து வையுங்கள். காலையில் சொட்டு விழுந்திருந்தால் அதன் நிறம், இடம், அன்றைய கிலோமீட்டர் மூன்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். மெக்கானிக்கிடம் போகும்போது அந்தப் பேப்பரையும் மடித்து எடுத்துப் போங்கள்.