வாசிகசாலையும் வாக்குரிமையும்: யாழ்ப்பாணக் கிராமங்களிற் கட்சிச் சார்பு

யாழ்ப்பாணத் தமிழரின் அரசியலைத் தலைவர்களின் வரலாறாக எழுதுவதே பெருவழக்கு. தமிழ்க் காங்கிரசு தளர்ந்து தமிழரசுக் கட்சி எழுந்தமைக்கு ஜீ. ஜீ. பொன்னம்பலத்தின் சறுக்கலும் எஸ். ஜே. வி. செல்வநாயகத்தின் உறுதியுமே காரணங்களாகக் கூறப்படுகின்றன. கிராம வாசிகசாலையிலிருந்து நோக்கின் வேறொரு சித்திரம் புலப்படும்.

பெயரளவில் வாசிகசாலை பத்திரிகை படிக்கும் இடம். நடைமுறையில், படித்ததைப் பலரும் கூடி விவாதித்த அரசியற் கழகமாகவும் அது இயங்கிற்று. ஆசிரியரும் எழுதுவினைஞரும் வேலை தேடிய இளைஞருமே அங்கு முன்னின்றனர். அரசாங்க உத்தியோகத்தை நம்பிய இம்மத்தியதர வர்க்கத்துக்கு மொழிப்பிரச்சினை வாழ்க்கைப் பிரச்சினையுமாகும். 1952 இல் இரண்டு தொகுதிகளையே பெற்ற தமிழரசுக் கட்சி, தனிச்சிங்களக் கோஷம் மேலோங்கிய 1956 இல் பத்துத் தொகுதிகளை வென்றமையை இப்பின்னணியிலேயே விளங்கிக்கொள்ளல் வேண்டும்.

ஆயின், அதே தேர்தலிற் பருத்தித்துறைத் தொகுதி கம்யூனிஸ்ட் கட்சியைச் சேர்ந்த பொன். கந்தையாவைத் தெரிவுசெய்தது. மொழியுரிமைக்கும் சமூக விடுதலைக்கும் ஒருங்கே குரல் கொடுத்தோருக்குத் தமிழ்க் கிராமங்களில் இடமிருந்தது என்பதற்கு இது சான்று.

வாசிகசாலை குறிச்சிக்குரியது, குறிச்சியோ பெரும்பாலும் சாதிக்குரியது. ஒடுக்கப்பட்டோர் தமக்கெனத் தனி வாசிகசாலைகளை அமைத்துக்கொள்ள நேர்ந்தது இதனாலேயே. 1957 இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் நிறைவேறிய பின்னரும் தேநீர்க்கடைகளும் கோயில்களும் அவர்களுக்கு முற்றாகத் திறக்கப்படவில்லை. அவர்களின் செவியில் 'தமிழர் ஒற்றுமை' என்னும் கோஷம் அரைகுறையாகவே ஒலித்தது. 1966 ஒக்டோபர் 21 இல் சுன்னாகத்திலிருந்து புறப்பட்ட ஊர்வலம், 1967 இல் உருவான தீண்டாமை ஒழிப்பு வெகுசன இயக்கம், 1968 இல் மாவிட்டபுரத்தில் நிகழ்ந்த ஆலயப் பிரவேசப் போராட்டம் ஆகியன இடதுசாரிகளின், சிறப்பாகச் சீனச் சார்புக் கம்யூனிஸ்டுகளின், ஆதரவுத்தளம் எத்தகையது என்பதைக் காட்டின.

எனினும் இத்தளம் விரியவில்லை. ஒரு காலத்தில் இருமொழிச் சமத்துவத்தை வலியுறுத்திய லங்கா சமசமாசக் கட்சியும் மொஸ்கோ சார்புக் கம்யூனிஸ்ட் கட்சியும், 1966 ஜனவரி 8 இல் தமிழ்மொழி விசேட ஏற்பாடுகளின் பிரமாணங்களை எதிர்த்த ஆர்ப்பாட்டத்திற் கலந்துகொண்டன. தமிழ் இளைஞர் அவற்றிலிருந்து விலகியதில் வியப்பில்லை. 1977 இல் தமிழர் விடுதலைக் கூட்டணி பதினெட்டுத் தொகுதிகளை வென்றது.

எனவே கட்சிச் சார்பின் மாற்றத்தை வெறும் உணர்ச்சிவசப்பாடு எனத் தள்ளிவிடுதல் தகாது. ஒரு சாரார் மொழியுரிமையைப் பேசிச் சாதியை மறந்தனர். மறுசாராருட் பலம் பொருந்தியோர் வர்க்கத்தைப் பேசி மொழியுரிமையைக் கைவிட்டனர். மக்கள் தத்தம் வாழ்வின் உடனடி வினாவுக்கு விடைதந்தோரைச் சார்ந்தனர். இரு வினாக்களையும் ஒருங்கே எழுப்பும் அரசியலே ஒற்றுமை பற்றிப் பேசும் தகுதியுடையது என்பது நமது துணிபு.