தேநீர் தரும் நடுகல்

நடுகல்லைப் பற்றி நாம் படிக்காதவர்கள் அல்லர். காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என்று தொல்காப்பியம் கூறும் ஆறு நிலைகளையும் தேர்வுக்காக உருப்போட்டவர்கள் நம்மில் பலர் இருப்பர். போரில் வீழ்ந்தவனின் பெயரையும் பீடையும் பொறித்து, வழிப்போவார் காணும்படி கல் நட்டனர் நம் முன்னோர். அதே தமிழகத்தில்தான் சுமைதாங்கிக் கல்லும் எழுந்தது. கருவுற்ற நிலையில் இறந்த பெண்ணின் நினைவாக நடப்படும் கல் அது. தலைச்சுமையோடு வருபவன் பிறர் கைத்துணையின்றிச் சுமையை இறக்கி இளைப்பாறலாம். முன்னது நம்மை நின்று படிக்கச் சொல்கிறது. பின்னது நிற்க இடம் தருகிறது. இவ்விரண்டையும் ஒருசேரச் செய்யும் நினைவிடம் ஒன்று அருணாசலப் பிரதேச மலைச்சாலையில் இருக்கிறது.

அசாமின் தேஜ்பூரிலிருந்து தவாங் செல்லும் பழைய சாலை, சேலா கணவாயில் சுமார் 13,700 அடி உயரத்தைத் தொடுகிறது. தலை கனக்கும், மூச்சு இரைக்கும். (2024இல் கணவாய்க்குக் கீழே சுரங்கப்பாதை திறந்துவிட்டார்கள்.) கணவாயைத் தாண்டி ஜங் என்ற ஊரை நோக்கி இறங்கும் வழியில், ஏறக்குறைய 10,000 அடி உயரத்தில், சாலையோரமாகவே இருக்கிறது ஜஸ்வந்த் கர். அங்குள்ள படைவீரர்கள் வருவோர்க்கெல்லாம் சூடான தேநீர் தருகிறார்கள், காசு வாங்குவதில்லை. கை விறைத்துப்போனவன் வண்டியை விட்டு இறங்காமல் இருப்பானா? நகரத்து நாற்சந்திச் சிலைகளை நாம் நாள்தோறும் பேருந்தில் கடக்கிறோம்; யாருடைய சிலை என்று கேட்டால் விழிக்கிறோம். இங்கோ தேநீர் ஆறும்வரையாவது சுவரில் எழுதியிருப்பதைப் படித்தே தீரவேண்டும்.

படிக்கவேண்டிய செய்தி இதுதான். 1962 அக்டோபரில் தவாங் சீனப் படையிடம் வீழ்ந்தது. சேலாவுக்கு முன்னே நூராநாங்கில் கார்வால் ரைபிள்ஸ் நான்காம் பட்டாளம் காவல் நின்றது. நவம்பர் 17 அன்று தாக்குதல் மேல் தாக்குதல் வந்தது. எதிரி ஓர் இயந்திரத் துப்பாக்கியை நம் அரணுக்கு மிக அருகே கொண்டுவந்துவிட்டான். அதை அடக்க மூவர் தாமாக முன்வந்தனர்: ஜஸ்வந்த் சிங் ராவத், திரிலோக் சிங் நேகி, கோபால் சிங் குசாயின். ஊர்ந்து சென்று, கையெறி குண்டு வீசி, அத்துப்பாக்கியையே கைப்பற்றினர். ஜஸ்வந்தும் திரிலோக்கும் உயிர் துறந்தனர். ஜஸ்வந்துக்கு அப்போது வயது 21. அவருக்கு மகாவீர் சக்கரமும் மற்ற இருவருக்கும் வீர் சக்கரமும் வழங்கப்பட்டன.

ஆயின், அங்கே சொல்லப்படும் கதை வேறு. ஜஸ்வந்த் தன்னந்தனியாக 72 மணி நேரம் எதிரியைத் தடுத்தாராம். சேலா, நூரா என்ற மலைப்பெண்கள் இருவர் அவருக்குத் துணை நின்றனராம். அவர்கள் பெயரால்தான் கணவாய்க்கும் இடத்திற்கும் பெயராம். திபெத்திய மொழியில் 'லா' என்றாலே கணவாய். போருக்கு முன்பே அதன் பெயர் சேலாதான். 17ஆம் நாள் இரவே சேலா அரண் கைவிடப்பட்டதால், 72 மணி நேரக் கணக்கும் எளிதில் பொருந்துவதில்லை. இருந்தாலும் ஜஸ்வந்துக்கு இன்றும் படுக்கை விரிக்கிறார்கள், காலணிக்கு மெருகிடுகிறார்கள், விடியலில் தேநீர் வைக்கிறார்கள். அவ்வழியே போகும் படைவண்டிகள் நின்று வணங்கிவிட்டே செல்கின்றன.

இதை மூடநம்பிக்கை என்று நான் நகைக்கமாட்டேன். நடுகல்லுக்கு நாம் கள்ளும் மயிற்பீலியும் படைத்தவர்கள் அல்லவா? என் மனக்குறை வேறு. 'தனியாக நின்றார்' என்று சொல்லச் சொல்ல, உடன் ஊர்ந்த இருவரும் கதையிலிருந்து நழுவிவிடுகின்றனர். ஒருவரைத் தெய்வமாக்கியதற்கு விலையாக, அவரோடு மாண்ட தோழரையே மறந்துவிட்டோம். பட்டாளத்துக்குக் கிடைத்த 'நூராநாங்' என்ற போர்ச் சிறப்புப் பெயரோ அனைவருக்கும் பொதுவானது.

விடுமுறையில் தவாங் போகும் நண்பர்கள் அங்கே இறங்குங்கள். கோப்பையை வாங்கிக்கொண்டு, தருகிற வீரரிடமே திரிலோக் சிங், கோபால் சிங் இருவரையும் பற்றிக் கேளுங்கள். அவசரமாகக் குடித்துவிடாதீர்கள், அந்த உயரத்தில் தேநீர் தானே விரைவில் ஆறிவிடும்.