குறைவின் கணக்கு – 9: பன்னிரண்டு படிகள்

மேற்கு ஸ்காட்லாந்தின் 1995ஆம் ஆண்டு பிரவாஸ்டாட்டின் (கொழுப்பைக் குறைக்கும் மாத்திரை) ஆய்வு நினைவிருக்கும்: மாரடைப்பு 31 சதவீதம் குறைந்தது என்றாலும், நூறு பேரில் 2.4 பேருக்குத் தவிர்க்கப்பட்டது என்றாலும் ஒரே முடிவுதான். எத்தனை பேருக்கு மருந்து கொடுத்தால் ஒருவர் தப்புவார் என்பதை இந்த வாரம் பார்ப்பதாக இருந்தது. ஆனால் சதவீதம் அடியோடு கைவிட்டுவிடும் ஓர் இடத்தை முதலில் பார்த்தாக வேண்டும்.

டப்பாவில் அடைத்த உணவுதான் அந்த இடம். 1919-20இல் அமெரிக்காவில் கலிபோர்னியா ஆலிவ் காய்களைச் சாப்பிட்ட பலர் பாட்டுலிசம் நஞ்சால் இறந்தார்கள். அதையொட்டி எஸ்டி, மேயர் என்ற இருவர் அந்த நஞ்சை உண்டாக்கும் கிருமியின் ஸ்போர்கள் (வித்துகள்) எந்தச் சூட்டில், எவ்வளவு நேரத்தில் சாகின்றன என்று அளந்து 1922இல் வெளியிட்டார்கள். ஸ்போர்கள் எல்லாம் ஒரே கணத்தில் சாவதில்லை. 121 டிகிரி செல்சியஸில் ஏறக்குறைய 13 விநாடியில் பத்தில் ஒன்பது சாகும். மிஞ்சியதில் அடுத்த 13 விநாடியில் மறுபடி பத்தில் ஒன்பது. இப்படிப் பன்னிரண்டு படி இறங்க வேண்டும் என்பது டப்பா உணவுத் தொழிலின் விதி. டப்பாவுக்கு ஒரு ஸ்போர் என்று தொடங்கினால், முடிவில் லட்சம் கோடி டப்பாக்களில் ஒன்றில்தான் ஒரு ஸ்போர் மிஞ்சும். டப்பாவின் நடுப்பகுதி அந்தச் சூட்டை எட்டியபின் இதற்குத் தேவைப்படுவது இரண்டரை நிமிடம்! இதையே சதவீதத்தில் எழுதினால் 99.9999999999 என்று வரும். முதல் இரண்டு படிகளிலேயே 99ஐத் தொட்டுவிட்ட சதவீதத்துக்கு, மீதிப் பத்துப் படிகளும் ஒரே ஒரு எண்ணுக்குள் அடங்கிப்போகின்றன. உயிர் காப்பதோ அந்தப் பத்துப் படிகள்தான்.

எச்.ஐ.வி. சிகிச்சையிலும் இதே சிக்கல். ஒரு மில்லி லிட்டர் ரத்தத்தில் வைரஸ் அளவு ஒரு லட்சத்திலிருந்து 5,000க்கு இறங்கினால் 95 சதவீதக் குறைவு; 50க்கு இறங்கினால் 99.95. கேட்பதற்கு இரண்டும் வெற்றி. ஆனால் உலக சுகாதார நிறுவனம் சிகிச்சைத் தோல்விக்கு வைத்திருக்கும் எல்லை 1,000. 5,000க்கு இறங்கிய நோயாளி அதற்கு மேலேயே நிற்கிறார். ஆகவே ஆழமான குறைவைப் படிக் கணக்கில்தான், அதாவது லாக் (மடக்கை) அளவில்தான், சொல்ல வேண்டும்.

மடக்கை பொதுமக்களுக்குப் புரியாது என்பார்கள். எத்தனை முறை பத்தில் ஒன்றானது என்று சொன்னால் யாருக்கும் புரியும். படிக் கணக்கு தொடக்க எண்ணிக்கையை மறைக்கிறது என்பது அதைவிட வலுவான மறுப்பு. பத்து லட்சம் கிருமிகள் மூன்று படி இறங்கினாலும் ஆயிரம் மிஞ்சும். எனவே மிஞ்சியது எவ்வளவு என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும். சிறிய மாற்றங்களுக்கும் இந்த அளவு உதவாது: வைரஸ் அளவு மூன்று மடங்காவது மாறாவிட்டால் அதை உண்மையான மாற்றமாக மருத்துவர்கள் எடுத்துக்கொள்வதில்லை. ரத்த அழுத்தம் 150இலிருந்து 140 ஆனால் வெறும் கழித்தலே போதும்.

ஸ்காட்லாந்து ஆய்வில் ஒருவரைக் காக்க ஏறக்குறைய 42 பேர் ஐந்தாண்டு மாத்திரை விழுங்க வேண்டியிருந்தது. அந்த 42 எப்படி வந்தது, ஆபத்து குறைவான ஊரில் அது ஏன் ஏறுகிறது என்பவை அடுத்த வாரம்.